பண்பாடு என்றால் என்ன, மனநலச் சிகிச்சைக்கு அது ஏன் தேவை?

கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நீங்கள் முதன்முறையாகச் சந்திக்கும்போது உறக்கம், பசி, அச்சம் ஆகியவற்றைப் பற்றி அவர் கேட்பார். அவற்றோடு நீங்கள் எதிர்பாராத சில கேள்விகளும் வரக்கூடும். இந்தத் துன்பம் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? வீட்டில் இதை என்ன சொல்லிக் குறிப்பிடுகிறீர்கள்? இங்கு வருமுன் எங்கெல்லாம் சென்றீர்கள்? செய்வினை என்றும் சாமிக் குற்றம் என்றும் சொன்னால் மருத்துவர் நகைப்பாரோ, கடிந்துகொள்வாரோ என்று தயங்கிப் பலர் இக்கேள்விகளுக்கு "ஒன்றுமில்லை" என்று விடை கூறிவிடுகின்றனர். அந்த விடையால் நோயறிதல் பிழைபடவும், சிகிச்சை இடையில் நின்றுபோகவும் வாய்ப்புண்டு. இக்கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன, உங்கள் விடை எவ்வாறு பயன்படுகிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பண்பாடு என்பது யாது?

அன்றாடப் பேச்சில் பண்பாடு என்றதும் கோயில் சிற்பமும் நாட்டியமும் பண்டிகையும் நினைவுக்கு வருகின்றன. உளவியலில் இச்சொல்லின் பொருள் இதைவிட விரிந்தது. ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1871இல் தந்த வரையறை இன்றும் பயன்படுகிறது. ஒரு மனிதர் தாம் வாழும் சமூகத்தின் உறுப்பினர் என்ற முறையில் பெற்றுக்கொள்ளும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுதியே பண்பாடு என்றார் அவர். பின்னர் எண்ணற்ற வரையறைகள் தோன்றின. 1952இல் குரோபர், குளுக்கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அவற்றைத் திரட்டியபோது எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. அவை பெரும்பாலும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுண்டு. பண்பாடு பிறப்போடு குருதியில் வருவதன்று, பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவது. ஆகவே அது மாறக்கூடியது.

பண்பாடு என்பதைச் சாதி, சமயம், மொழி ஆகியவற்றுள் ஒன்றாகச் சுருக்கிவிடவும் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18.7 இலட்சம் மக்கள் வாழும் இம்மாவட்டத்தில் இந்துக்களும் கிறித்தவர்களும் கிட்டத்தட்ட சம அளவில் உள்ளனர். இசுலாமியரும் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் மலையாள வழக்குகளும் இங்கே கலந்துள்ளன. ஒரே மொழியும் ஒரே சமயமும் கொண்டோரிடையே கூடத் தொழில் காரணமாக வாழ்க்கை வேறுபடுகிறது. இதற்கு உறக்கத்தைச் சான்றாகக் கொள்ளலாம். வழக்கத்துக்கு மாறாக விடியுமுன்னரே விழித்துக்கொள்வது மனச்சோர்வு நோயின் குறிகளுள் ஒன்று. ஆனால் குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் வெட்டுபவர் விடியுமுன் எழுந்தே ஆகவேண்டும். தோவாளைப் பூச்சந்தையில் வணிகம் செய்பவரின் நாளும் இருளில்தான் தொடங்குகிறது. ஆழ்கடல் விசைப்படகில் செல்பவருக்கு இரவு, பகல் என்ற பகுப்பே வேறு. "காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்று இவர்கள் சொல்வதை மருத்துவர் எவ்வாறு கொள்வார் என்பது, இவர்களுடைய தொழில் அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நாஞ்சில் நாட்டுக் குடும்பம் காட்டும் பாடம்

அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில் வேளாளர் குடும்பங்களிடையே நூறாண்டுகளுக்கு முன்வரை மருமக்கள்வழி முறை நிலவியது. அதன்படி ஒருவரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. குடும்பத்தை ஆண்டவர் காரணவர் எனப்பட்ட தாய்மாமன். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" என்னும் நூலில் இம்முறையால் மனைவியும் மக்களும் பட்ட துயரத்தை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டினார். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் குடும்பங்கள் மக்கள்வழிக்கு மாறின. உங்கள் பாட்டியின் தாயார் இயல்பென்று கருதிய குடும்ப அமைப்பு இன்று உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

இந்த வரலாறு உளவியலோடு நேரடியாகத் தொடர்புடையது. மகனுக்கும் தந்தைக்கும் இடையிலான உட்பகை மனித இனம் முழுவதற்கும் பொதுவானது என்று வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு கருதினார். தாய்வழி மரபுடைய டிரோபிரியாண்டு தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி 1927இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். அத்தீவுகளில் தந்தை அன்பான தோழரைப் போன்றவர். கண்டிப்பும் உரிமையும் தாய்மாமனிடம் இருந்தன. இளைஞனின் மனக்கசப்பும் தாய்மாமனை நோக்கியே எழுந்தது. பழைய நாஞ்சில் நாட்டுக் காரணவரை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மனித மனத்தின் பொது விதி என்று எழுதப்பட்ட ஒன்று, ஒரு குறிப்பிட்ட குடும்ப அமைப்பின் விளைவாகவும் இருக்கலாம்.

இக்குறை இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. உளவியலின் முதன்மையான ஆய்விதழ்களில் ஆராயப்பட்டோரில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே கொண்ட மேற்கத்திய, தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010இல் ஜோசப் ஹென்ரிக் முதலிய மூவர் எழுதிய கட்டுரை சுட்டிக்காட்டியது. அவர்களிலும் பெரும்பகுதியினர் கல்லூரி மாணவர்கள். ஆகவே பாடநூல் அறிவு மட்டும் மருத்துவருக்குப் போதாது. உங்கள் வீடும் ஊரும் எப்படிப்பட்டவை என்பதை நீங்கள் சொல்லித்தான் அவர் அறிய இயலும்.

துன்பத்தைச் சொல்லும் மொழி

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுங்கள். நடுவயதுப் பெண் ஒருவர் மருத்துவரிடம், "ஒரே வெப்ராளமா இருக்கு டாக்டரே, நெஞ்சிலே பாரம் ஏத்தி வச்ச மாதிரி" என்கிறார். குமரி மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு வெப்ராளம் என்ற சொல்லின் கனம் தெரியும். பதற்றம், தவிப்பு, ஓரிடத்தில் இருக்க மாட்டாமை ஆகிய மூன்றும் அதில் கலந்துள்ளன. வேறு மாவட்டத்திலிருந்து பணிமாறுதலில் வந்த மருத்துவர் அதை நெஞ்சுவலி என்று மட்டும் எழுதிக்கொள்ளக்கூடும். வெசனம் என்ற சொல்லும் அவ்வாறே. "அவளுக்குப் பிள்ளையை நினைச்சு வெசனம்" என்பதில் கவலை, ஏக்கம், துக்கம் ஆகியவற்றுள் எது மிகுதி என்பதைச் சொல்பவரிடமே கேட்டுத் தெளியவேண்டும். மருத்துவருக்குப் புரியாதென்று எண்ணி இச்சொற்களைத் தவிர்க்க வேண்டாம். அவற்றைச் சொல்லிவிட்டு, அப்போது உடலிலும் எண்ணத்திலும் என்ன நிகழ்கிறது என்பதையும் விளக்குங்கள்.

மனத்துயரம் உடல்வழியே வெளிப்படுவதும் நம்மிடையே பெருவழக்கு. தலைச்சூடு, உடல் எரிச்சல், கை கால் ஓய்ச்சல், வாயு, அடிவயிறு கலங்குதல் என்று சொல்வோர் பலர். இது தமிழரிடம் மட்டும் காணப்படுவதன்று. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் தலைவலிக்கும் களைப்புக்கும் சிகிச்சை பெற்றுவந்த 100 பேரை ஆராய்ந்த மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், அவர்களுள் பெரும்பாலோர்க்கு மனச்சோர்வு நோய் இருந்ததை 1982இல் வெளியிட்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையானது. மனம் சோர்ந்துவிட்டதென்று சொல்வது அங்கே இழுக்காக இருந்தது. நரம்பு தளர்ந்துவிட்டதென்று சொல்வது இழுக்காக இருக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இத்தகைய குறிகள் இருப்பின் முதலில் சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, இதயம் ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்வது முறை. அவற்றில் குறையொன்றும் தெரியாதபோது "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நடிப்பு" என்று கூறிவிடாமல் மனநல மருத்துவரையும் காணச் செய்யுங்கள்.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் "மன அழுத்தம்" என்ற சொல், வேலைச்சுமையால் வரும் நெருக்கடிக்கும் மருந்து தேவைப்படும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. இக்குழப்பம் சிறிதன்று. "எல்லாருக்கும் இருக்கும் மன அழுத்தம்தானே" என்று மாதக்கணக்கில் காலம் தாழ்த்திய குடும்பங்கள் உண்டு. மருத்துவர் எந்தப் பெயரைச் சொன்னாலும், அது நோயா, சூழல் நெருக்கடியா என்று கேட்டுத் தெளியுங்கள். மனச்சிதைவு என்ற பெயரைக் கேட்டவுடனேயே இனி மீட்சியில்லை என்று அஞ்ச வேண்டாம். ஜப்பானில் இந்நோய்க்கு வழங்கிய, மனம் பிளவுபட்டது என்ற பொருள் தரும் பழைய பெயர் நோயாளிகளை இழிவுபடுத்துகிறது என்று கருதி 2002இல் அதை மாற்றினர். நம் ஊர்களில் கிறுக்கு, பிராந்து என்பவை விளையாட்டுப் பேச்சாகவும் வழங்குகின்றன. நோயுற்றவர் காதில் அவை விளையாட்டாக விழுவதில்லை.

காரணம் பற்றிய நம்பிக்கைகள்

செய்வினை, கண்ணேறு, பேய்க்கோளாறு, முன்னோர் சாபம், கிரகநிலை என்று நோய்க்கு நாம் காரணம் கற்பிப்பதுண்டு. இவற்றுள் ஒன்றை நம்புவதனாலேயே ஒருவர் மனநோயாளி ஆகிவிடுவதில்லை. தம்மைச் சுற்றியுள்ளோர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையை மருத்துவம் நோய்க்குறியாகக் கொள்வதில்லை. சிக்கல் எங்கே எழுகிறதென்றால், ஊர் வழக்கு எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதை வெளியாரால் கண்டுகொள்ள இயலாது. வீட்டில் பலரும் அண்டை வீட்டாரின் கண்ணேறு பட்டதாக நினைக்கலாம். ஆனால் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் அண்டை வீட்டார் தம் எண்ணங்களைக் கருவி வைத்துத் திருடுவதாகச் சொல்லி, கதவைத் தாழிட்டு, உணவில் நஞ்சிருப்பதாக ஐயுற்று உண்ண மறுக்கிறார் என்றால், அது மற்றவர்களின் நம்பிக்கையைப் போன்றதன்று என்பதை முதலில் உணர்பவர் அவருடைய தாயாராகவோ அக்காளாகவோதான் இருப்பார். "கண்ணேறு என்று நாங்களும் நம்புவோம், ஆனால் இவன் சொல்வது எங்களுக்கே விளங்கவில்லை" என்று நீங்கள் கூறும் ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரும் உதவி.

வழிபாட்டிடங்களுக்குச் செல்வதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கும், ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்துக்கும், தக்கலை பீர்முகமது அப்பா தர்காவுக்கும் சமய வேறுபாடின்றி ஆறுதல் தேடிச் செல்வோர் உண்டு. இதனால் மருத்துவருக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த, கடும் மனநோயுற்ற 31 பேரைக் கவனித்து 2002இல் கட்டுரை வெளியிட்டனர். சில வாரங்கள் அங்கே தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். இது சிறிய ஆய்வு. கோயிலுக்குச் செல்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை. மருந்தை நிறுத்துவதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் இரக்கமும் பாதுகாப்பும் நோயாளியைத் தேற்றும் என்பதை இது காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் பெரும்பாலும் குணமாகும் என்று நம்பிய குடும்பத்தார்தாம். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. நேர்த்திக்கடன் என்றோ ஓடிவிடுவார் என்றோ காரணம் சொல்லி யாரேனும் அவ்வாறு செய்யச் சொன்னால் இணங்க வேண்டாம்.

சாமி வருதல் நோயா?

இது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கொடை விழாவில் வில்லுப்பாட்டு உச்சத்தை எட்டும்போது சுடலைமாடனோ இசக்கியோ இறங்கி ஆடும் கோமரத்தாடிக்கு நோய் ஏதுமில்லை. ஜெபக்கூட்டத்தில் பரவசமுற்று அந்நிய பாஷை பேசுபவரும் அத்தகையவரே. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், ஊரார் அறிந்த முறையில் அது நிகழ்கிறது. முடிந்தபின் அவர் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்புகிறார். உலக சுகாதார அமைப்பு 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள நோய்ப் பகுப்பும் இதே அளவுகோலைத்தான் கொண்டுள்ளது. தம் விருப்பமின்றி நிகழ்வது, ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிபாட்டுமுறைக்குப் புறம்பானது, துன்பத்தையோ செயலிழப்பையோ உண்டாக்குவது ஆகிய நிலைகளில் மட்டுமே அது கோளாறாகக் கருதப்படுகிறது.

ஆயினும் கோளாறு என்று பெயரிட்டவுடன் செய்தி முடிந்துவிடுவதில்லை. இம்மாவட்டத்து முக்குவர் பெண்களைப் பற்றி 1991இல் நூல் எழுதிய மானிடவியலாளர் கல்பனா ராம், 2013இல் ஆவேசத்தைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். திருமணம், மகப்பேறு, குழந்தையின்மை ஆகியவற்றில் பெண்கள் படும் பாட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதை அந்நூல் உணர்த்துகிறது. மருமகளுக்குத் திரும்பத் திரும்பப் பேய் பிடிக்கிறது என்றால், அவர் நேரில் சொல்ல இயலாத எதையோ அது சொல்லிக்கொண்டிருக்கலாம். உளவியலாளர் அவரைத் தனியே சந்திக்க விரும்பினால் குடும்பத்தார் இடம்கொடுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் சிறிதும் தாமதிக்கக் கூடாது. குழந்தை பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ தாய் உறங்காமல், குழம்பிய பேச்சுடன், குழந்தை தம்முடையதன்று என்றோ அதைக் கொல்லுமாறு குரல் கேட்கிறதென்றோ கூறினால், அது மகப்பேற்றுக்குப் பின்வரும் கடும் மனநோயாக இருக்கலாம். பேறுவீட்டில் காற்று அண்டியது என்று ஓதிக்கட்டக் காத்திருக்கும் ஓரிரவில் தாய், சேய் இருவரின் உயிரும் போகக்கூடும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இருவரையும் தனியே விடாதீர்கள். இந்நோய் சிகிச்சையால் நன்கு குணமாகக்கூடியது.

உடல் கிடைக்காத இறப்பு

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அதற்கு முன் 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது குளச்சல், மணக்குடி பகுதிகளில் உறவினரை முறையாக வழியனுப்பக்கூட நேரமின்றி அடக்கம் செய்யவேண்டியிருந்தது.

துக்கத்துக்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு வழி வகுத்துவைத்திருக்கிறது. உடலைக் குளிப்பாட்டுதல், ஒப்பாரி, அடக்கம் அல்லது தகனம், பதினாறாம் நாள் அடியந்திரம், நினைவுத் திருப்பலி, ஆண்டுதோறும் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றுதல் என்று அது நீளுகிறது. இறந்தவர் இனி வரமாட்டார் என்பதை மனம் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்ள இச்சடங்குகள் உதவுகின்றன. உடல் இல்லையெனில் கல்லறை இல்லை. மெழுகுவத்தி ஏற்ற இடமில்லை. படகு வேறு நாட்டில் கரையொதுங்கியிருக்கும், அங்கே சிறையில் இருப்பார் என்ற எண்ணம் விட்டுவிட்டு எழுகிறது. மனைவி வெள்ளுடை உடுத்துவதா, பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தந்தையின் பெயருக்கு முன் என்ன எழுதுவது என்பனவெல்லாம் விடையில்லாத கேள்விகளாகின்றன. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970களில் போரில் காணாமற்போனோரின் குடும்பங்களை ஆராய்ந்து, இத்தகைய தெளிவற்ற இழப்பு ஏனைய துக்கங்களிலிருந்து வேறானது என்று விளக்கினார். இலங்கையில் உள்நாட்டுப் போரில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார்களும் இதே நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர்.

உங்கள் வீட்டில் இவ்வாறு ஒருவர் காத்திருந்தால், "செத்துவிட்டார், ஏற்றுக்கொள்" என்று வற்புறுத்த வேண்டாம். "நிச்சயம் வருவார்" என்று பொய்யாகத் தேற்றவும் வேண்டாம். இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் கூடும் என்ற இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு நாளைக் கழிக்க அவருக்குத் துணை நில்லுங்கள். அவருடைய பொருள் ஒன்றை வைத்து நினைவு வழிபாடு செய்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பங்குத்தந்தையோடு இதைப் பேசிப் பயன்பெற்ற குடும்பங்கள் உண்டு.

இறந்தவரின் குரல் கேட்பதும், வாசலில் அவர் நிற்பதாகத் தோன்றுவதும் துக்கத்தின் தொடக்கத்தில் பலருக்கும் நேர்வன. அதனாலேயே மனநோய் என்று அஞ்ச வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் பகுப்பில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றுள்ளது. ஆறு மாதத்துக்கு மேலாக, அச்சமூகத்தின் சமய, பண்பாட்டு வழக்கத்தையும் மிஞ்சிய கடுந்துயரம் வாழ்க்கையை முடக்கினால் மட்டுமே அப்பெயர் பொருந்தும். வழக்கத்தை மிஞ்சியதா என்பதை முதலில் சொல்லத்தக்கவர்கள் அவ்வூராரே. உணவை விடுதல், தாமும் இறந்துபோகவேண்டும் என்று பேசுதல் ஆகியவை இருந்தால் ஆறு மாதம் காத்திராமல் உடனே உதவி நாடுங்கள்.

நோன்பும் நாட்டு மருந்தும்

மாசிக் கொடையையொட்டி மண்டைக்காட்டுக்கு விரதம் இருப்போர், சபரிமலைக்கு மாலையிடுவோர், ரமலான் நோன்பிருப்போர், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போர் ஆகியோர் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். மாத்திரையின் வேளையையோ அளவையோ அவர் மாற்றித் தரக்கூடும். சிறப்பாக, இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் உட்கொள்பவர் நெடுநேரம் நீர் அருந்தாதிருந்தால் இரத்தத்தில் அம்மருந்து நஞ்சாகும் அளவுக்கு உயரலாம். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வர்ம ஆசான்களுக்கும் சித்த மருத்துவத்துக்கும் பெயர்பெற்ற மாவட்டம் இது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் உள்ளது. எண்ணெய், கசாயம், பற்பம் என எதை உட்கொண்டாலும் அதன் பொட்டலத்தையோ சீட்டையோ கொண்டுவந்து காட்டுங்கள். வளைகுடா நாட்டு வேலைக்குச் செல்வோர் கவனிக்க: உறக்க மாத்திரை உள்ளிட்ட சில மனநல மருந்துகளுக்கு அந்நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. மருந்தை நிறுத்திவிட்டுப் புறப்படாமல், மருத்துவச் சான்றும் மருந்துச்சீட்டும் பெற்று, முன்அனுமதி தேவையா என்பதைக் கேட்டறியுங்கள்.

குடும்பத்தாரின் இடம்

1960களின் இறுதியில் உலக சுகாதார அமைப்பு ஒன்பது நாடுகளில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வில் இந்தியாவிலிருந்து ஆக்ரா இடம்பெற்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தியா, நைஜீரியா ஆகிய நாடுகளின் நோயாளிகள் பலர் செல்வ நாடுகளின் நோயாளிகளைவிட நன்னிலையில் இருந்தனர். குடும்பத்தின் அரவணைப்பு இதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. அம்முடிவைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. குடும்பமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எவரும் இதைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளலாகாது என்பது எங்கள் கருத்து. பெரும்பாலும் அந்தச் சுமையைத் தாங்குபவர் வீட்டிலுள்ள ஒரே ஒரு பெண். பராமரிப்பவருக்கும் உறக்கமும் ஓய்வும் ஆலோசனையும் தேவை.

மருத்துவரைச் சந்திக்கும் முன் வீட்டில் அமர்ந்து சிலவற்றைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது. இத்துன்பத்துக்கு நோயாளி வைத்திருக்கும் பெயர் என்ன, மற்றவர்கள் சொல்லும் பெயர் என்ன? ஏன் இப்போது தொடங்கியது? எதைக் கண்டு மிகவும் அஞ்சுகிறீர்கள்? இதுவரை எங்கே சென்றீர்கள், எதனால் சிறிதேனும் நலம் கண்டது? நோயாளிக்கும் உங்களுக்கும் விடை வேறுபட்டால் இரண்டையுமே சொல்லுங்கள். திருமணப் பேச்சு நடப்பதாலோ வேறு காரணத்தாலோ நோயை மறைக்கவேண்டிய நெருக்கடி இருந்தால் அதையும் கூறலாம். உங்கள் தகவலை மறைவாக வைத்திருக்க மருத்துவர் சட்டப்படி கடமைப்பட்டவர்.

எங்கே அணுகலாம்?

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு வரும் நாளை அங்கேயே கேட்டறியலாம். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநல உதவி இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம். நோயாளியின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் 108 ஆம்புலன்சை அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் காவல் வழக்குக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். அவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கருதுகிறது. மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவரைத் தண்டிக்க இயலாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.